சின்னப்பன் என்றாலே பவுலா?

பதிவேட்டுப்பூச்சி:
"சின்னப்பன், அருளப்பன், முடியப்பன் எல்லாம் தமிழ்ப் பெயர்கள், கிறிஸ்தவத்துக்குச் சம்பந்தமில்லை" என்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருந்தார். சொல் தமிழ்தான், பொருள் வெளியிலிருந்து வந்தது. லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், சின்னப்பர். எபிரேய யோஹானானுக்கு (நம் யோவான், ஆங்கில ஜான்) 'ஆண்டவர் அருளினார்' என்று பொருள், அருளப்பர். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனதிலும் அதே அருள்தான். கிரேக்க ஸ்டெபனோஸ், சூடும் முடி. அதனால் ஸ்தேவான் முடியப்பர். தலைமயிரைத் தேடாதீர்கள்.

கறார் கந்தன்:
முடியப்பனை ஒப்புக்கொள்கிறேன். சின்னப்பனை விடமாட்டேன். நடிகர் பி.யு.சின்னப்பாவுக்கும் படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவருக்கும் பவுலோடு என்ன உறவு? பெரியப்பன், சின்னத்தம்பி மாதிரி உறவுமுறையில் பேர் வைப்பது நம் வழக்கம். காதுக்குப் பழகிய பேரைப் பாதிரிமார் பவுலுக்குச் சூட்டினார்கள், அவ்வளவே. பேதுருவை ராயப்பர் என்பதால் ராயப்பனையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பேதுரு என்றால் பாறை, ராயன் என்றால் அரசன். எங்கே ஒட்டுகிறது?

பதிவேட்டுப்பூச்சி:
தெலுங்கில் 'ராயி' என்றால் கல், ராயப்பன் அந்த வழியில் வந்திருக்கலாம். யாகப்பன்?

கறார் கந்தன்:
அதில் யாகமும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. எபிரேய யாக்கோபில் இருப்பது குதிகால். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன் என்பது கதை. 'குதிகாலப்பர்' என்று எவரும் வைக்கவில்லை, ஒலியை மட்டும் எடுத்து அப்பனை ஒட்டிக்கொண்டார்கள். சேவியர் சவேரி ஆனதும் அப்படித்தான். சேவியர் என்பது ஊர்ப்பெயர், பாஸ்க் மொழியில் 'புது வீடு'. பொருள் தெரிந்திருந்தால் புதுவீட்டப்பர் கிடைத்திருப்பாரோ என்னவோ!

பதிவேட்டுப்பூச்சி:
யாக்கோபு வம்சம் பெரியது. ஸ்பானியத்தில் புனிதர் என்ற அடைமொழி பெயரோடு ஒட்டி சாந்தியாகோ. அதுதான் நம் சந்தியாகு. பிற்கால லத்தீனில் யாக்கோபுஸ் யாக்கோமுஸ் ஆகி, பிரெஞ்சு வழியே ஜேம்ஸ். அரபியில் யாகூப். சந்தியாகு, யாகப்பன், ஜேம்ஸ், யாகூப் நால்வருக்கும் ஒரே பெயர்.

வம்சாவளி:
குடும்ப மரம் எழுதுகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. பழைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் பல லத்தீனில் உள்ளன. வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். அவரே தந்தையாக வரும் வரியில் 'ஃபிலியுஸ் பவுலி', அதாவது பவுலின் மகன். பவுலியை வேறு ஆள் என்று எண்ணி மரத்தில் ஒரு கிளையைக் கூட்டிவிடுகிறார்கள். அது வேற்றுமை உருபு மட்டுமே. யாக்கோபுஸ்–யாக்கோபி, யோவான்னெஸ்–யோவான்னிஸ் கதையும் இதுதான். முதலில் உருபை நீக்குங்கள், பிறகு மனைவி பெயரையும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் அடுத்த பிள்ளையின் பதிவோடு ஒத்துப்பாருங்கள். தந்தை பெயரோடு சேர்த்து மூன்றும் பொருந்தினால் ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயரை மட்டும் நம்பினால் ஊரில் உள்ள எல்லாச் சின்னப்பனும் ஒருவராகிவிடுவார்.

பதிவேட்டுப்பூச்சி:
உபயோகமான குறிப்பு. கந்தன் ஐயா, அன்னம்மாளையாவது விட்டுக்கொடுங்கள். அன்னாள், எபிரேய ஹன்னா. யோஹானானில் உள்ள அதே அருள் வேர். அன்னப்பறவையும் இல்லை, சோறும் இல்லை.

கறார் கந்தன்:
தேவாலயத்து அன்னம்மாள் என்றால் சரி. அன்னபூரணியைச் சுருக்கி அன்னம் என்று கூப்பிடுகிற வீட்டில் போய்ச் சொல்லிப்பாருங்கள்.

புதுவரவு:
போர்த்துக்கீசில் தியாகோ உண்டே, அப்படியானால் எங்கள் தெரு தியாகுவும் யாக்கோபுதானா?

கறார் கந்தன்:
சாந்தியாகோவைத் தப்பாகப் பிரித்ததில் வந்த தியாகோ அங்கே உண்டு தம்பி. நம்மூர் தியாகு பெரும்பாலும் தியாகராசன். ரேஷன் கார்டில் முழுப்பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.