ஜிபிஎஸ்ஸில் குறித்த இடங்களையும் பங்குக் கணக்கையும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

பார்மீன்:
தூத்துக்குடியில் இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறோம். போன மாதம் ஜிபிஎஸ் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து, அப்பா பல வருஷமாகக் குறித்து வைத்த பார் (கடலடிப் பாறைத்திட்டு), வலை கிழிக்கிற இடம் எல்லாம் போய்விட்டன. டீசல், ஐஸ் செலவு, படகு ஆட்களுக்குப் பிரிக்கிற பங்குக் கணக்கு என் போனில் மட்டும் இருக்கிறது. அதுவும் போனால்?

கரைவலை:
படித்ததும் மனசு கனத்துவிட்டது அண்ணா. பல ஜிபிஎஸ் பெட்டிகளில் மெமரி கார்டு போட இடம் உண்டு; குறித்ததையெல்லாம் அதில் ஏற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என வையுங்கள். கார்டைப் படகிலேயே விட்டால் படகோடு அதுவும் போகும். முக்கியமான இடங்களை நோட்டிலும் எழுதுங்கள், டிகிரி-மினிட்டா தசம டிகிரியா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள், மாறிப்போனால் வலை விழும் இடமே வேறு.

சிங்கி:
கணக்கை கூகுள் ஷீட்டில் போட்டு, கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) ஆன் செய்யுங்கள். அப்புறம், பார் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், ஒரு ஃபார்வர்டில் துறைமுகம் முழுக்கப் போய்விடும்.

பார்மீன்:
சரி. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, அதுவரை காத்திருக்கப் போவதில்லை. இன்னொரு படகில் பாதி இடங்கள் இருக்கின்றன, இன்று ராத்திரி கரைக்கு வந்ததும் எடுத்துவிடுகிறேன்.