அம்பர்லா டாப் உயரம் குறைக்கணும், வெட்டாம முடியுமா?

கேள்வி:
தோழிகளே, ஒரு காட்டன் அம்பர்லா டாப் எடுத்தேன், நல்ல பெரிய வட்டம், ஆனா எனக்குத் தரையில இழுக்குது. 3 இஞ்ச் குறைச்சா போதும். வீட்ல சாதா மிஷின்தான் இருக்கு. உள்பக்கமா 3 இஞ்ச் மடிச்சு குண்டூசி குத்திப் பாத்தா துணி கொசுவம் கொசுவமா நிக்குது. வெட்டித்தான் ஆகணுமா? லைனிங் வேற இருக்கு.

பதில் 1:
வெட்டித்தான் ஆகணும்மா. வட்டத்துணில கீழ போகப்போக சுத்தளவு கூடிட்டே போகும். நீங்க 3 இஞ்ச் மடிச்சா ஓரம் 6 இஞ்ச் மேல போய் உக்காரும், முழு வட்டம்னா அங்க சுத்தளவு 37 இஞ்ச் கிட்ட கம்மி, அவ்ளோ துணியும் எங்க போகும், கொசுவமாத்தான் நிக்கும். அதனால மடிப்பு கால் இஞ்ச் தாண்டக் கூடாது.

முதல்ல அலசிக் காயவச்சு ராத்திரி முழுக்க ஹேங்கர்ல தொங்க விடுங்க, துணி கிராஸா, அதாவது நூல் சாய்வா வர்ற பக்கம் தானா இறங்கும். அப்புறம் போட்டுக்கிட்டு நேரா நில்லுங்க, வேற யாராவது தரையில இருந்து ஸ்கேல் வச்சு சுத்தி சாக்பீஸ்ல குறிக்கணும். நீங்களே குனிஞ்சு குறிச்சா கோணிடும். குறிக்குக் கீழ அரை இஞ்ச் விட்டு வெட்டுங்க. தையலைப் பெருசா வச்சு ஓரத்துல இருந்து கால் இஞ்ச்ல ஒரு சுத்து ஓட்டுங்க, அந்தத் தையல்லயே மடிச்சு, துணி மிச்சம் நிக்கிற இடத்துல மட்டும் அடிநூலை லேசா இழுத்தா அடங்கிடும். அயர்ன் பண்ணி இன்னொரு மடிப்பு மடிச்சு அடிச்சிடுங்க.

பதில் 2:
அக்கா சொன்னது சரி, ஆனா கீழ பார்டர் இருந்தா வெட்டிடாதீங்க சிஸ்டர், மனசு கேக்காது. இடுப்பு ஜாயிண்ட்டைப் பிரிச்சு மேல 3 இஞ்ச் எடுக்கலாம், ஆனா அந்த இடம் அகலமாயிடும், சின்னச் சின்னதா பிளீட் பிடிச்சுத்தான் சேக்கணும், கொஞ்சம் வேலைதான்.

கேள்வி கேட்டவர்:
பார்டர் இல்லக்கா, வெறும் பிரிண்ட்தான். அப்போ கீழயே வெட்டிடுறேன். லைனிங்கையும் சேத்தே மடிச்சிடலாமா?

பதில் 1:
வேண்டாம்மா, தனித்தனியா மடிங்க. ரெண்டும் ஒரே மாதிரி இறங்காது, சேத்து அடிச்சா துவைச்சதும் இழுத்துப் பிடிக்கும். லைனிங் 1 இஞ்ச் ஏறி இருந்தா நடக்கும்போது வெளிய தெரியாது.