மெழுகுவர்த்தி மேடையில் பார்த்தது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, நேர்த்தி வைத்த இந்துக்களும் சீனர்களும் வருவார்கள். ஒரு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் தொண்டு செய்தேன்.

எங்கள் வட்டாரத்தில் உருகி உருகிச் செபிக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கையில் இடுப்புயர மெழுகுவர்த்தி. மேடையில் இடமில்லை. எரிந்துகொண்டிருந்த இரண்டு சின்ன மெழுகுவர்த்திகளைப் பிடுங்கி, ஊதி அணைத்து, வாளியில் போட்டுவிட்டுத் தன்னுடையதை நட்டார். மகன் போனில் படம் பிடித்தான். அணைந்தவற்றை ஏற்றிய இந்தோனேசியப் பெண் பக்கத்திலேயே நின்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கீழே உட்கார்ந்து மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர், எழுந்து வந்தார். வாளியிலிருந்து இரண்டையும் எடுத்து, திரியை நகத்தால் நிமிர்த்தி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து மறுபடி ஏற்ற வைத்தார். அப்புறம் "சூடா மாக்கான்?" (சாப்பிட்டாயா?) என்று மலாயில் கேட்டுத் தன் சோற்றுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தார்.

பைபிளில் லூக்கா 18-இல் ஒரு பரிசேயன் வருகிறான், மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன். அவன் பொய் சொல்லவில்லை. வாரம் இருமுறை நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, எல்லாம் செய்தவன்தான். ஆனால் செபிக்கும்போதே பின்னால் நின்ற வரிதண்டுபவரை இளக்காரமாகப் பேசினான். பக்தி கெட்டுப்போவது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

*

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நான். மேலே பட்டர்வொர்த் அண்ணன் சொன்னது சரி. ஆனால் சத்தமாகச் செபிக்கிறவர்கள் எல்லாரையும் வேஷக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சபையில் டாக்சி ஓட்டும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவர் அல்லேலூயா போட்டால் தெருமுனைவரை கேட்கும். சிறுவயதில் எனக்கு அது பிடிக்காது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் அவரைத் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் வந்து அப்பாவையும், வேறு மதத்துப் பாட்டி ஒருவரையும் ஏற்றிப்போவார். ஒரு ரிங்கிட் வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தால் தன் பேரனுக்குக் காய்ச்சல் குணமானதைச் சொல்வார். இப்படி ஏற்றிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.