எழுதக் கற்பிப்பதற்கு ஒரு பாடத்திட்டம்: எங்கிருந்து தொடங்கலாம்?

கல்லூரித் தமிழாசிரியை, சேலம்:
பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பது எப்படி என்பதை முதுகலைத் தமிழ் மாணவர்கள் பயில, 60 மணி நேர விருப்பப்பாடம் ஒன்றை வகுத்து வருகிறேன். கட்டுரை வகைகள், நிறுத்தக்குறிகள், சந்திப்பிழை என்று அலகுகளைப் பிரித்த பிறகு படித்துப் பார்த்தால், எழுத்தைப் பற்றிய செய்திகள் நிறைந்திருக்கின்றன. எழுதக் கற்பிப்பதற்கு இடமே இல்லை. எங்கள் மாணவர்களில் பலர் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்தை மனப்பாடம் செய்தே தேறி வந்தவர்கள். வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், ஏற்காடு:
அம்மா, முதல் 20 மணி நேரம் அவர்களையே எழுத வையுங்கள். அமெரிக்காவில் ஜேனட் எமிக், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரைத் தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து ஆராய்ந்து, 1971இல் வெளியிட்ட நூலில், எழுதுவது சட்டகப்படி நேர்கோட்டில் செல்வதில்லை என்று காட்டினார். தாம் எழுதும்போது எங்கே தயங்கினோம், எதை அடித்தோம் என்று குறித்துவைக்காதவர் பிள்ளைகளின் தயக்கத்தை எப்படி அறிவார்? வெள்ளிக் கொலுசுப் பட்டறையைப் பார்த்து வளர்ந்த மாணவர் அந்த வேலையை விளக்கி எழுதட்டும். பட்டறைப் பக்கமே போகாத வகுப்புத் தோழர் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். அக்கேள்விகளிலிருந்துதான் இரண்டாம் வரைவு பிறக்கும்.

பள்ளி ஆசிரியர், சேர்வராயன் மலைக் கிராமம்:
ஐயா சொல்வது சரி. ஆனால் திருத்தும் முறைக்கும் அதே அளவு நேரம் வேண்டும். பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் ஒற்றுப்பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுகிறார்கள். மறுவாரம் அந்தப் பிள்ளை, தவறு வராதென்று தனக்குத் தெரிந்த நான்கு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்கிறது. பிழையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரைவைப் பற்றிப் பேசுவதற்கான சொற்கள் நன்னூல் பாயிரத்திலேயே உள்ளன. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல் (எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது), மயங்க வைத்தல் (பொருள் தெளிவின்றி எழுதுவது), சென்று தேய்ந்து இறுதல் (நன்றாகத் தொடங்கிப் போகப்போக மங்கி முடிவது) ஆகிய மூன்றை மட்டும் எளிய மொழியில் விளக்கினால், ஏழாம் வகுப்புப் பிள்ளையும் தன் கட்டுரை எங்கே தடம் மாறியது என்று கண்டுகொள்ளும். நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

கல்லூரித் தமிழாசிரியை, சேலம்:
இருவருக்கும் நன்றி. சந்திப்பிழை அலகைக் கடைசிக்கு நகர்த்திவிட்டேன். பருவத் தேர்வை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அங்கும் வரையறைகளைக் கேட்டால் மாணவர்கள் அவற்றையே மனப்பாடம் செய்வார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், ஏற்காடு:
பெயரை நீக்கிய பள்ளிக் கட்டுரை ஒன்றை வினாத்தாளில் அச்சிட்டு, அதை எழுதிய பிள்ளைக்கு நேரடியாகச் சொல்வதுபோல் அரைப்பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், அம்மா.