டிராக்டர் கொட்டகையை வீடாக்குகிறவர்களுக்கு: வெருலம் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம் எங்கள் கரும்புத் தோட்டத்தில் அப்பா காலத்து டிராக்டர் கொட்டகை ஒன்று உண்டு. தம்பி குடும்பத்துக்காக அதை வீடாக மாற்றினோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அப்புறம். அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

எங்கள் வீடு மேட்டில், கொட்டகை ஓடைப் பக்கம். டிராக்டர் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் படுத்துத் தூங்கப்போகிற இடம் என்றால் கணக்கே வேறு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 430 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தண்ணீரின் கறை கொட்டகைச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடாக இருந்தது. கோட்டுக்குக் கீழே உப்புப் பூத்து, விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா வந்து பார்த்துவிட்டு, "1987 செப்டம்பர்ல ஜன்னல் அடி வரைக்கும் நின்னுச்சு தம்பி" என்றார். அதற்குச் சுவரில் அடையாளமே இல்லை, பிறகு பூசிவிட்டார்கள். அவர் வாய்வார்த்தையைத்தான் அளவாக எடுத்துக்கொண்டோம்.

மண் கொட்டி இறுக்கி, தரையைக் கறைக்கு மேலே உயர்த்தினோம். டிராக்டர் நுழைகிற கூரை உயரம் கைகொடுத்தது. படுக்கையை ஜன்னல் மட்டத்துக்கு மேலே மச்சாகப் போட்டோம். கீழ்ச் சுவரில் ஜிப்சம் போர்டு வேண்டாம், ஊறினால் பிய்த்து எறிய வேண்டியதுதான். சிமென்ட் பூச்சு கழுவிக் காயவைக்கலாம். மின்கம்பி மேலிருந்து இறங்குகிறது, பிளக் எல்லாம் இடுப்புக்கு மேலே. கழிவுக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போடாவிட்டால், வெள்ளத்தில் செப்டிக் டேங்க் தண்ணீர் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வரும்.

நகராட்சியில் பிளான் போட்டு அனுமதி வாங்குவதும் கட்டாயம். 1998 தேசிய நீர்ச் சட்டப்படி புதுக் குடியிருப்பு அமைத்தால் வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக் கோடு காட்ட வேண்டும். பழைய தோட்டத்துக்கு அந்தக் கோடு வரைந்திருக்காமலும் போகலாம், அப்போது இன்ஜினீயரை வைத்துக் கணக்கிடுங்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்காதீர்கள். வருஷா வருஷம் 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷம் குடியிருந்தால் கால்வாசிக்கு மேல் ஆகிவிடும்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து, கட்டட வேலை செய்பவன்:

நல்லா சொன்னீங்க அண்ணே. கதவை அடைத்துவிட்டால் தண்ணீர் வராது என்று பலகை வாங்குகிறார்கள். வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 125 கிலோ பலத்தில் தள்ளும். ஒரு மீட்டர் நின்றால் 500 கிலோ. கொட்டகையின் ஒற்றைச் செங்கல் சுவர் அதைத் தாங்காது. முழங்காலுக்கு மேல் ஏறினால் உள்ளே விட்டுவிடுவதே நல்லது, சுவராவது நிற்கும்.

*

டொங்காட்டிலிருந்து:

தம்பி, மச்சிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா? 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது கரையில் தகரவீடு போட்டுத் தோட்டம் செய்த நம் ஜனங்கள் எத்தனையோ பேர் அடித்துப்போனார்கள். 'படவத்தான் அறுவர்' என்று பெயர் வாங்கிய ஆறு பேர் படகில் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். படகு வரும்வரை காத்திருக்கிற மாதிரி வீடு கட்டக் கூடாது.

*

இருக்கிறது அக்கா. மேட்டுப் பக்கச் சுவரில் மச்சு மட்டத்திலேயே ஒரு கதவு. வெளியே சிறிய காங்கிரீட் பாலம், நாலு எட்டு வைத்தால் அப்பா வீட்டு முற்றம். பூட்டு கிடையாது, உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும், அதுவும் சின்னவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.