உப்பு மெருகிட்ட பழைய ஜெர்மன் ஜாடியில் குடிதண்ணீர் வைக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பிராங்க்பர்ட்டில் வசிக்கிறேன். சென்ற வாரம் இங்குள்ள பழம்பொருள் சந்தையில், சாம்பல் நிறத்தில் நீலப் பூவேலை செய்து, வெள்ளீயக் கலவை மூடி பொருத்திய ஒரு லிட்டர் கற்பீங்கான் ஜாடி ஒன்றை வாங்கினேன். கற்பீங்கானுக்குப் பேர்போன ஜெர்மன் வட்டாரமான வெஸ்டர்வால்டின் வேலை என்றார் விற்றவர். அடியில் ‘கெஸ். கெஷ்.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் பதிந்துள்ளன. வெளிப்புறம் முழுவதும் ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கிறது. உள்ளே அடிப்பகுதியில் வெள்ளையாக ஏதோ படிந்துள்ளது. இந்தக் குழிகள் தேய்மானமா? சாப்பாட்டு மேசையில் தண்ணீருக்கு இதைப் பயன்படுத்தலாமா? அலமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனமில்லை.

மறுமொழி 1:
அந்தக் குழிகளைத் தேய்மானம் என்று எண்ணிவிடாதீர்கள். உப்பு மெருகின் அடையாளமே அவைதான். சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1200 டிகிரியை எட்டும்போது சாதாரண உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாக மாறுகிறது. தூரிகையால் பூசப்படாமல் ஆவியாக வந்து படிவதால்தான் அது இப்படித் துளித்துளியாகத் திரண்டு நிற்கிறது. அவ்வளவு சூட்டையும் தாங்கக்கூடிய நிறங்கள் மிகச் சில என்பதால் கோபால்ட் நீலத்தையே பெரிதும் நம்பினார்கள். மாங்கனீசு ஊதாவும் உண்டு. நீலம் கீறிய கோட்டுக்குள் அடங்கி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெஸ்டர்வால்டில் ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் என்ற ஊரிலுள்ள மட்பாண்ட அருங்காட்சியகம் உங்களுக்கு எட்டும் தொலைவுதான், அவசியம் போய் வாருங்கள்.

மறுமொழி 2:
‘கெஸ். கெஷ்.’ என்பது, வடிவமைப்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்பதற்கான ஜெர்மன் சுருக்கம். ஆகவே 17, 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் மெல்லிய அச்சுத் தழும்பு தெரிந்தால் சக்கரத்தில் வனையாமல் அச்சில் வார்த்தது என்று கொள்ளலாம். அதனால் அழகு குறைந்துவிடாது.

மறுமொழி 3:
உப்பு மெருகில் நச்சான காரீயம் சேர்ப்பதில்லை. உங்கள் ஊர் ஆப்பிள் ஒயின் கடைகளில் மேசைக்கு வரும் பெம்பெல் ஜாடியும் இந்த வழியில் வந்ததுதான். என் கவலையெல்லாம் மூடியைப் பற்றியது. நம் வீட்டு ரசச் சொம்பில் நல்ல வெள்ளீயத்தைத் தேடுவோமல்லவா, அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்: பழைய மூடிகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும். எனவே புளிப்பான பானம் எதையும் மூடியில் படும்படி நிரப்பாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள். உள்ளே படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். மூடியில் படாமல் வினிகர் ஊற்றிச் சில மணி நேரம் விட்டால் கரைந்துவிடும். பிறகு தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படிவு முழுவதும் கரைந்துவிட்டது. காலையில் பார்த்தபோது செய்தித்தாள் சிறிதும் நனையவில்லை. கைப்பிடிக்குக் கீழே அச்சுத் தழும்பும் தெரிகிறது. இன்று மதியச் சாப்பாட்டுக்கு மூடியைத் திறந்தபடியே, முக்கால் அளவு தண்ணீரோடு மேசையில் வைத்துவிட்டேன்.