கைண்ட் ஆஃப் ப்ளூ: முதல் மூன்று பாட்டு மட்டும் கீபோர்டோடு சேரவில்லை, ஏன்?

புதுக்காது
ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எனக்குப் புதிது. இரண்டு சந்தேகம். முதல் பாட்டு 'சோ வாட்' டி-யில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய எல்பி இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதியோடு கீபோர்டை வாசித்தால் டி-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடுத்த இரண்டு பாட்டும் அப்படியே. நான்காவதும் ஐந்தாவதும் சரியாகச் சேர்கின்றன. இன்னொன்று, 'சோ வாட்' ஒன்பது நிமிடமும் ஒரே ஸ்கேல் (ஸ்வர வரிசை) தானா? எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

நாடாச்சுருள்
கீபோர்டில் கோளாறு இல்லை. முதல் மூன்று பாட்டும் 1959 மார்ச் 2 அன்று, நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டூடியோவில் பதிவானவை. அன்றைக்கு ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், சுருதியும் கூடவே ஏறும். எல்பிக்கு அந்த நாடாதான் போனது. மற்ற இரண்டும் ஏப்ரல் 22-ல் பதிவானவை, அதனால் தப்பித்தன. 1992 மறுபதிப்பில்தான், ஒழுங்காக ஓடிய மற்ற இயந்திரத்தின் நாடாவை எடுத்துத் திருத்தினார்கள்.

முதலில் நான்காவது பாட்டு 'ஆல் ப்ளூஸ்' கீபோர்டின் ஜி-யோடு சேர்கிறதா என்று பாருங்கள். அதுவும் சேராவிட்டால் டர்ன்டேபிளின் வேகமே தப்பு. உங்களுக்குச் சேர்கிறது, ஆகவே டர்ன்டேபிள் சரி.

கீபோர்டின் மொத்தச் சுருதியை மாற்றும் மாஸ்டர் ட்யூனை 440 ஹெர்ட்ஸிலிருந்து 453-க்கு ஏற்றினால் முதல் மூன்றோடு வாசிக்கலாம். சென்ட் கணக்கில் (அரைக்கட்டைக்கு 100 சென்ட்) காட்டும் கீபோர்டாக இருந்தால் ஏறத்தாழ 50 கூட்டுங்கள். ஒலிக்கோப்பையே திருத்துவதானால் ஆடியோ எடிட்டரில் வேகத்தை 2.8 சதவீதம் குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள். பிழை வேகம், சுருதி இரண்டிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் இறக்கினால் பாட்டு அவசரமாகவே ஓடும், சிம்பலின் ரீங்காரமும் கெடும். சரியாகத் திருத்தினால் ஒன்பது நிமிடப் பாட்டு சுமார் 15 வினாடி நீளும்.

கமகப்பிரியன்
'சோ வாட்' அப்படியே நம் கர்நாடக ராகம் கரகரப்பிரியா, நண்பரே. 32 பார் (ஒரு பார் நான்கு தட்டு) ஒரு சுற்று: முதல் 16 டி-யில், அடுத்த 8 ஈ ஃப்ளாட்டில், கடைசி 8 மறுபடி டி-யில். நம் சுருதிக் கணக்கில் 2 கட்டை, 2½ கட்டை, திரும்ப 2 கட்டை.

திருத்திய பதிப்பை ஓடவிட்டு, சுருதிப் பெட்டியை 2 கட்டையில், ஸ-ப (டி, ஏ) வைத்து, தாழ்ந்த ஒலியில் சேருங்கள். 16 பார் வரை பாலும் தேனுமாகப் போகும். 17-வது பாரில் சுருதி சட்டென்று உறுத்தும். 2½ கட்டை கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரத்தில் டி-யும் கிடையாது, ஏ-யும் கிடையாது. பெட்டி பாடும் இரண்டுமே அந்நியம். எட்டு பார் கழித்து மறுபடி சேர்ந்துவிடும். நான்கைந்து சுற்று இப்படிக் கேட்டால் பெட்டியை அணைத்த பிறகும் அந்தத் திருப்பம் காதில் விழும். கிரகபேதம் என்பது இதுதான்.

மேளகர்த்தா22
சோதனை அருமை, கடைசி வரி மட்டும் தவறு. கிரகபேதத்தில் ஸ்வரத்தானங்கள் அசையாது. ஆதார ஷட்ஜம் நகரும், அதனால் ராகம் மாறும். இங்கே ராகம் மாறவில்லை, சுருதியே அரைக்கட்டை ஏறுகிறது. 'அப்படியே கரகரப்பிரியா' என்பதையும் ஏற்க முடியாது. ஏழு ஸ்வரம் பொருந்துகிறது, அவ்வளவுதான். காந்தாரத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) இல்லை, ராகத்துக்கு உயிரான பிடிகள் (அடையாள ஸ்வரக் கோவைகள்) இல்லை. ராகமாக எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கமகப்பிரியன்
கிரகபேதம் என்றது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புதிதாக வருபவருக்கு ஏழு ஸ்வரமும் ஏற்கெனவே பழக்கம் என்று சொல்வது பெரிய உதவி. அதை விட மாட்டேன்.

இடதுவலது
ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்காதீர்கள். ஸ்டீரியோவில் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸ் இடப்பக்கம், ஆடர்லியின் ஆல்டோ வலப்பக்கம், டேவிஸ் நடுவில். ஒரு காதை விட்டால் ஒரு கலைஞரையே பாதி இழப்பீர்கள். 'சோ வாட்' தனி வாசிப்பு வரிசை: டேவிஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. ட்ரம்பெட் நுழையும் இடத்தில், ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில், டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஒரே ஒரு அடி அடிப்பார். அது அடங்கி முடிவதற்குள் ட்ரம்பெட்டின் முதல் வாக்கியமே வந்துவிடும். அங்கிருந்து சுற்றை எண்ணத் தொடங்குங்கள்.

ஆல்பம் முழுக்க இதே 32 பார் சுற்றுதான் என்று நினைக்க வேண்டாம். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பி ஃப்ளாட்டில் சாதாரண 12 பார் ப்ளூஸ். அதில் பியானோ மட்டும் வின்டன் கெல்லி. 'ப்ளூ இன் க்ரீன்' 10 பார் சுற்று, ஆடர்லி கிடையாது.

புதுக்காது
453 வைத்தவுடன் மூன்றும் சேர்ந்துவிட்டன, நன்றி. சுருதிப் பெட்டியைப் பழைய பிரதியோடு வைக்கலாமா, திருத்திய பதிப்பு கட்டாயமா?

நாடாச்சுருள்
பெட்டியில் நுண்சுருதிக் குமிழ் இருந்தால் பழையதே போதும். 2 கட்டைக்கும் 2½ கட்டைக்கும் சரிபாதியில் நிறுத்துங்கள். நான்காவது பாட்டு வருமுன் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.